ஏழாம் உலையில் ஒரு கம்பி

நவம்பர் 14, வியாழன்

லேபில் மூன்று மாதமாகச் சும்மா கிடந்த ஏழாம் உலையில் இன்று ஒரு கம்பி ஏற்றினேன். கோயம்புத்தூரில் ஒரு சின்ன ஃபவுண்டரி சோதித்துத் தரச் சொல்லி அனுப்பியது. நிக்கலில் குரோமியம், கோபால்ட், அலுமினியம், டைட்டானியம் என்று பல சமாச்சாரங்களைக் கலந்து வார்த்த கம்பி. விரல் நீளம், பென்சில் பருமன், இரண்டு முனையும் தடிப்பு. இதை எண்ணூற்று ஐம்பது டிகிரிச் சூட்டில் வைத்து, லீவர் வழியாக முக்கால் டன் பாரத்தால் இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஆயிரம் மணி நேரம், அதாவது ஆறு வாரம், அறாமல் நின்றால் பாஸ். பாஸானால் அவர்கள் இதே உலோகத்தில் டர்பைன் பிளேடு செய்து விற்கலாம். இல்லையென்றால் மறுபடியும் பம்புசெட் பாகங்களே வார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

இந்த அறைக்கென்று ஒரு வழக்கம் இருக்கிறது. கடைசி எடையை வைப்பவர் உலைச் சட்டத்தில் சாக்பீஸால் தன் பெயரின் முதல் எழுத்தை எழுதுவார். அதற்கப்புறம் கம்பி விழும்வரை அந்த உலை அவருடையது, வேறு யாரும் தொட மாட்டார்கள். அறுந்தது என்றும் இங்கே யாரும் சொல்வதில்லை. அறுந்ததும் எடைகள் கீழே மணல் பெட்டியில் விழுவதால் 'விழுந்துவிட்டது' என்போம். பதினொரு உலைகளில் ஒன்பதில் 'வ' என்றுதான் எழுதியிருக்கிறது. வத்சலா மேடத்துக்கு வேறு போக்கிடம் இல்லை என்று ஜோசப் சார் என்னைக் கிண்டல் செய்வார். அவர் பக்கத்து அறையில் பத்தே நிமிடத்தில் கம்பியை இழுத்து அறுக்கிறவர். பொறுமையைப் பற்றி அவருக்கு என்ன தெரியும்.

கேஸ் புக் செய்தேன். ஓசூரில் குளிர் ஆரம்பித்துவிட்டது. தயிர் உறையவில்லை.

நவம்பர் 19, செவ்வாய்

கம்பியின்மேல் இரண்டு 'கண்' கட்டியிருப்போம். கண் என்றால் சூட்டை அளக்கும் சின்ன முனை. நடுக்கண் சொல்வதைக் கேட்டுத்தான் உலை தன் சூட்டைக் கூட்டும், குறைக்கும். கீழ்க்கண் தடித்த அடிமுனையில் இருக்கும். அது சும்மா சாட்சிக்கு.

இன்று காலை சாட்சி இறங்கிப்போயிருந்தது. நடுக்கண் அசையாமல் எண்ணூற்று ஐம்பதில் நிற்கிறது, கீழ்க்கண் மட்டும் இருபத்துச் சொச்சம் குறைவு. ஏழாம் உலைக்குப் பக்கத்து ஜன்னலைச் சரியாகச் சாத்த முடிவதில்லை. குளிர்காற்று நேராக உலையின் அடிவாயில் அடிக்கிறது. தச்சரை வரச் சொல்லுங்கள் என்று லேப் தலைவர் மூர்த்தி சாரிடம் தீபாவளிக்கு முன்பே சொன்னேன். எந்தத் தீபாவளி என்று நான் சொல்லவில்லை போலிருக்கிறது. அடிவாயில் செராமிக் பஞ்சை நன்றாக அடைத்தேன். மாலைக்குள் கீழ்க்கண் மேலே வந்து நடுக்கண்ணோடு ஒத்துப்போய்விட்டது.

நவம்பர் 21, வியாழன்

ஏழாம் உலைக் கம்பியின் சொந்தக்காரர் போனில் கூப்பிட்டார். இது புதுசு. வாடிக்கையாளர்கள் மெயில் போடுவார்கள், பதில் தாமதமானால் மூர்த்தி சாரிடம் புகார் சொல்வார்கள். போனில் யாரும் வருவதில்லை.

"நாச்சிமுத்துங்க, கோயமுத்தூர்ல இருந்து. நம்ம கம்பி நிக்குதுங்களா மேடம்?"

"நிக்குதுங்க."

"சௌக்கியமா நிக்குதுங்களா?"

கம்பிக்குச் சௌக்கியம் என்று ஒன்று கிடையாது, நீட்சி எவ்வளவு என்றுதான் பார்ப்போம் என்றேன். சிரித்தார். பதினைந்து நாளைக்கு ஒருமுறை மெயிலில் அறிக்கை வரும் என்றும் சொன்னேன்.

"மெயிலு வருமுங்க. ஆனா அதுகிட்ட ஒரு வார்த்த திருப்பிக் கேக்க முடியாதுல்லீங்க. வியாழக்கெழமைல நமக்கு உருக்கு இல்ல, சும்மாதான் இருப்பேன். ஒரு தடவ கூப்பிட்டுக்கட்டுங்களா?"

விதிகளில் அதற்குத் தடை எதுவும் இல்லை என்றேன். வைத்த பிறகுதான், கோர்ட்டு குமாஸ்தா மாதிரி பேசியிருக்கிறேன் என்று தோன்றியது.

நவம்பர் 28, வியாழன்

கூப்பிட்டார். நிற்கிறது என்றேன்.

டிசம்பர் 1, ஞாயிறு

அம்மாவின் பட்டுப்புடவைகளை வெயிலில் போட எடுத்தேன். வெயில் இல்லை. திரும்ப மடித்து வைத்தேன். அம்மா போய் இரண்டு வருடம் ஆகிறது. பீரோவில் அவள் பக்கம் அப்படியே இருக்கிறது. எனக்கு அந்த இடம் தேவைப்படவில்லை.

மதியத்துக்கு மேல் லேபுக்குப் போய் உலைகளைப் பார்த்துவிட்டு வந்தேன். எல்லாம் தானாகவே பதிவாகிறது, ஞாயிற்றுக்கிழமை யாரும் வரத் தேவையில்லை. இருந்தாலும் ஒரு கண் பார்த்துவிடுவது நல்லது. வாட்ச்மேன் "என்ன மேடம், இன்னிக்குமா?" என்றான். இவனுக்கு எதற்கு இந்தக் கேள்வி.

சென்னையிலிருந்து தம்பி ஒரு வாழைமரப் படம் அனுப்பியிருந்தான். அதன்மேல் இனிய ஞாயிறு என்று எழுதியிருந்தது.

டிசம்பர் 5, வியாழன்

இன்று அவர் ஒரு கேள்வி கேட்டார்.

"ஏனுங் மேடம், இரும்பு சூடானா எளகுது. இது மட்டும் எப்புடீங்க சூட்டுல கெட்டியா நிக்குது? ஊத்தறவன் நானு. உள்ளுக்குள்ள என்ன நடக்குதுன்னு எனக்கு யாரும் சொன்னதில்லீங்க."

சொன்னேன். உலோகத்துக்குள் அணுக்கள் வரிசை வரிசையாக அடுக்கியிருக்கும். இழுத்தால் மொத்த அடுக்கும் ஒரேயடியாக நகராது. அடுக்கில் எங்கேயாவது ஒரு மடிப்பு இருக்கும், அதுதான் நகர்ந்துபோகும். பெரிய பவானி ஜமக்காளத்தை இழுக்க முடியாவிட்டால் ஒரு ஓரத்தில் மடிப்பு எழுப்பி அதைத் தள்ளிக்கொண்டே போவோமே, அப்படி. மடிப்பு சுலபமாக ஓடினால் உலோகம் நெகிழும். அதை மறித்தால் உலோகம் வலுக்கும். நம் கம்பிக்குள் நிக்கலும் அலுமினியமும் சேர்ந்து, கண்ணுக்குத் தெரியாத பொடிப்பொடிச் சதுரக் கட்டிகளாக நெருக்கி நிற்கின்றன. கட்டிகளுக்கு நடுவே சின்னச் சின்னச் சந்துகள். மடிப்பு சந்து வழியாக வந்து கட்டியில் முட்டிக்கொள்ளும்.

"உள்ள போவாதுங்களா?"

கட்டிக்குள் எந்த அணு எங்கே நிற்க வேண்டும் என்பதில் கறாரான ஒழுங்கு இருக்கிறது. ஒரு மடிப்பு மட்டும் நுழைந்தால் அந்த ஒழுங்கு கலைந்துவிடும். அப்படிக் கலைக்க ஏகப்பட்ட பலம் வேண்டும், அதனால் நுழையாது. பின்னாலேயே இன்னொரு மடிப்பு வந்தால், முன்னது கலைத்ததைப் பின்னது சரிசெய்துகொண்டே போகும். இரண்டும் சேர்ந்து வந்தால்தான் கட்டியைக் கடக்க முடியும். சூடு ஏறும்போது அந்த ஜோடியும் நடுவழியில் தளம் மாறிப் பூட்டிக்கொள்கிறது. அதனால்தான் ஓரளவு வரைக்கும் சூடேறச் சூடேற இது முரண்டு பிடிக்கிறது. அந்த அளவைத் தாண்டினால் மடிப்புகள் கட்டிகளைச் சுற்றி மெல்ல ஏறிப்போக வழி கண்டுபிடித்துவிடும். கம்பி நீள ஆரம்பிக்கும்.

"அப்ப ஒத்தையா உள்ள போவ முடியாது. சோடியாத்தான் போவோணும்" என்றார்.

"ஆமாங்க."

பிறகு அவர், "எம்பட ஊட்டுக்காரி தவறி நாலு வருசமாச்சுங்க. பொண்ணு கனடாவுல" என்றார், ஏதோ ஊரில் மழை பெய்ததைச் சொல்கிற மாதிரி.

நான் "அப்படியா" என்றேன். ஐம்பத்தொரு வயதாகிறது, ஒரு மனிதர் இப்படிச் சொன்னால் பதிலுக்கு என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. அப்படியா என்றேனாம்.

டிசம்பர் 10, செவ்வாய்

தயிருக்குப் பாத்திரத்தைச் சுற்றிப் பழைய ஸ்வெட்டர். உறைந்தது.

டிசம்பர் 12, வியாழன்

கேன்டீனுக்குப் போகவில்லை. பசி இல்லை. மேசையில் வேலை இருந்தது. ஜோசப் சார் இரண்டு தடவை வந்து கூப்பிட்டுவிட்டுப் போனார். மாலை நாலரைக்கு மேல்தான் போன் வந்தது. வங்கிக்குப் போயிருந்தாராம், "காத்திருந்தீங்களா மேடம்?" என்று கேட்டார். உலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்றேன்.

கம்பி நிற்கிறது. வரைபடத்தில் நீட்சிக் கோடு இவ்வளவு தட்டையாகப் போய் நான் பார்த்ததில்லை. அருமையான வார்ப்பு என்று சொன்னேன். அவருக்குக் குரலே மாறிப்போயிற்று. சந்தோஷப்படட்டும்.

டிசம்பர் 18, புதன்

மூர்த்தி சார் எல்லாரையும் கூட்டிவைத்து ஒரு சொற்பொழிவு. மனிதனும் உலோகம் மாதிரிதானாம், பாரம் ஏற ஏற வலுவாகிறானாம். முப்பது வருடம் கம்பி விழுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், பாரம் ஏறியதால் வலுவான கம்பி ஒன்றையும் நான் பார்க்கவில்லை. வலு முன்பே உள்ளே இருக்க வேண்டும். இவர் போய் ஒரு கம்பியாவது ஏற்றியிருந்தால் இப்படிப் பேச மாட்டார்.

சமோசா ஆறிப்போயிருந்தது.

டிசம்பர் 19, வியாழன்

சளி பிடித்திருக்கிறதா என்று கேட்டார். குரலில் தெரிகிறதாம். மிளகு ரசம் வைத்துக் குடிக்கச் சொன்னார். அவர் வைக்கும் ரசத்தின் செய்முறையை முழுசாகச் சொன்னார். தக்காளியைக் கையால்தான் பிசைய வேண்டுமாம். அது தப்பு, ஆனால் நான் ஒன்றும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து அப்படியே வைத்தேன். பரவாயில்லை.

டிசம்பர் 26, வியாழன்

ஆயிரம் மணி நேரம் காலையில் முடிந்தது. கம்பி நிற்கிறது. பாஸ்.

முறைப்படி இப்போது உலையை அணைத்து, பாரத்தை எடுக்காமலே குளிரவிட்டு, திறந்து, கம்பியையும் கண்களையும் சரிபார்த்து முடிக்க வேண்டும். ஆனால் இவ்வளவு நன்றாக நிற்கும் கம்பியை இறக்குவது வீண். விழும்வரை விட்டால் அதன் முழு ஆயுளும் தெரியும். இந்த உலோகத்தைப் பற்றி நம்மிடம் அதிகம் விவரம் இல்லை. மூர்த்தி சாரிடம் சொன்னேன். "உலை சும்மாதானே இருக்கப்போகுது, ஓட்டுங்க" என்றார். ஆயிரம் மணி நேரம் தாண்டிவிட்டது என்று இடைக்காலச் சான்றிதழ் ஒன்று மட்டும் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன்.

மதியம் அவர் கூப்பிட்டபோது தொழிலாளிகளுக்கு மைசூர்பாகு வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார். "எல்லாம் முடிஞ்சுதுங்களா மேடம்?" என்றார்.

இல்லை, கூடுதல் தகவலுக்காகத் தொடர்ந்து ஓட்டுகிறோம், கட்டணம் எதுவும் இல்லை என்றேன்.

"அப்ப அடுத்த வியாழனும் கூப்புடோணும்" என்றார்.

உங்கள் விருப்பம் என்றேன். இன்று வேலை அதிகம். கழுத்து வலிக்கிறது. ஆனால் மனசு லேசாக இருக்கிறது, ஏனென்று தெரியவில்லை.

ஜனவரி 2, வியாழன்

நிற்கிறது. புத்தாண்டு வாழ்த்து சொன்னார். நானும் சொன்னேன்.

ஜனவரி 9, வியாழன்

இன்னும் நிற்கிறது. ஜோசப் சார் உலைப் பக்கம் வந்து வரைபடத்தைப் பார்த்துவிட்டு, "மேடம், இந்தக் கலவை இவ்வளவு நாள் நிக்குமா? புத்தகத்துல இருக்கறதை விட ஜாஸ்தியா இருக்கே" என்றார். வார்ப்பு நன்றாக இருந்தால் நிற்கும் என்றேன். கொஞ்சம் வெடுக்கென்றுதான் சொன்னேன். அவர் வேலையை அவர் பார்க்கட்டும்.

ஜனவரி 14, பொங்கல்

குக்கரில் பொங்கல் வைத்தேன். ஒரு ஆளுக்கு வெல்லம் எவ்வளவு போடுவது என்று ஒவ்வொரு வருடமும் தப்பாகிறது. மிச்சத்தை வாட்ச்மேனுக்குக் கொண்டுபோனேன். அப்படியே உலைகளையும் பார்த்தேன்.

தம்பி வீடியோவில் வந்தான். அவன் பிள்ளைகள் இரண்டும் "ஹாய் அத்தை" என்று சொல்லிவிட்டு ஓடிப்போயின. "வி.ஆர்.எஸ். வாங்கிட்டு இங்க வந்துடேன்க்கா, அங்க தனியா என்ன பண்ற?" என்றான். அவன் மூன்றாவது படுக்கையறையில் சைக்கிளும் ட்ரெட்மில்லும் இருப்பது பின்னால் தெரிந்தது. வேலை இருக்கிறது என்றேன்.

ஜனவரி 16, வியாழன்

"நம்ம கம்பி உங்க லேப உட்டு வரமாட்டேங்குதுங்க" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். ஒரு நூல் மில்காரர்கள் இடைக்காலச் சான்றிதழைப் பார்த்துவிட்டு ஆர்டர் கொடுத்திருக்கிறார்களாம். முதல் செட் பதினாறு பிளேடு ஊற்றியாயிற்று. மாசக் கடைசியில் மில்லுக்கு மின்சாரம் தரும் கேஸ் டர்பைனில் மாட்டப்போகிறார்கள்.

"மொத நாளு ஓட்டறப்ப பக்கத்துலயே நின்னு பாக்கோணுமுங்க நானு. எங்கையால ஊத்துனது சுத்தறத பாக்காம எப்புடி?"

பாருங்க என்றேன். அதற்கப்புறம் அவர் சொன்ன எதுவும் காதில் ஏறவில்லை.

சுற்றும்போது பிளேடு அறுந்தால் டர்பைன் உறையைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். இந்தக் கலவை இந்தச் சூட்டில் இந்தப் பாரத்தில் இத்தனை நாள் நிற்காது. ஜோசப் சார் சொன்னதற்கு முன்பே எனக்குத் தெரியும். அந்தத் தட்டைக் கோட்டைப் பார்த்த முதல் வாரமே ஏன் என்று கேட்டிருக்க வேண்டும். நான் கேட்கவில்லை.

ஜனவரி 17, வெள்ளி

காலையில் போனதும் அடிவாயில் அடைத்திருந்த பஞ்சை உருவினேன். ஜன்னலுக்குக் குறுக்கே ஒரு பலகையை நிறுத்தி, காற்றே வராமல் செய்துவிட்டுக் காத்திருந்தேன். காற்று துளியும் இல்லை. அப்படியும் கீழ்க்கண் இறங்கிக்கொண்டே போனது.

ஆக, அன்று உண்மையைச் சொன்னது கீழ்க்கண்தான். நான் ஜன்னலைக் குற்றம் சொல்லி, பொய் சொல்லும் நடுக்கண்ணோடு அது ஒத்துப்போகும்வரை பஞ்சை அடைத்திருக்கிறேன். புதிதாக வேலைக்கு வந்தவர்கள் இதைச் செய்ய மாட்டார்கள், பயந்து யாரையாவது கேட்டிருப்பார்கள். முப்பது வருடம் இந்த அறையில் இருந்து எல்லாம் தெரியும் என்று நினைக்கிறவர்கள்தான் செய்வார்கள்.

உலையை அணைத்தேன். பாரத்தை இறக்கவில்லை. சூடு இருக்கும்போது பாரத்தை எடுத்துவிட்டால் உள்ளே முட்டிக்கொண்டு நிற்கும் மடிப்புகளெல்லாம் தளர்ந்து கலைந்துவிடும், கம்பி எதை எப்படித் தாங்கியது என்று பிறகு கண்டுபிடிக்க முடியாது. அதனால் பாரத்தோடேயே ஆற வேண்டும். நாளை திறக்கலாம்.

ஜனவரி 18, சனி

திறந்தேன். நடுக்கண்ணைக் கட்டியிருந்த செராமிக் நூல் தளர்ந்து, கண் கம்பியை விட்டு ஒரு நகக்கனம் விலகி நின்றது. நான் கட்டிய முடிச்சு. கம்பியின் சூட்டை அளப்பதற்குப் பதிலாக அது உலைச் சுவரின் சூட்டை அளந்து, போதும் போதும் என்று உலையிடம் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. கம்பி இருபத்தைந்து டிகிரியாவது குறைந்த சூட்டில் சொகுசாக நின்றிருக்கிறது. அந்த இருபத்தைந்து டிகிரியில் ஆயுள் மூன்று மடங்காகும்.

இது ஆயிரம் மணி நேரம் முடிந்த அன்றே தெரிந்திருக்க வேண்டியது. திறந்திருந்தால் தெரிந்திருக்கும்.

ஜனவரி 20, திங்கள்

மூர்த்தி சாரிடம் சொன்னேன். முதலில் அவர் கேட்டது, "ஏன் திறந்தீங்க?"

பிறகு அவரே முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சரி, நான் கேட்டதை மறந்துடுங்க" என்றார். நல்ல மனிதர்தான், சொற்பொழிவு மட்டும்தான் தாங்காது. சான்றிதழை வாபஸ் வாங்கும் கடிதம் மதியமே போய்விட்டது. ஃபவுண்டரி முதலிலேயே சேர்த்து அனுப்பியிருந்த இரண்டாவது கம்பியை இலவசமாகச் சோதித்துக் கொடுக்கிறோம் என்றும் எழுதியிருக்கிறோம்.

"நீங்களே ஏத்திடுங்க, அனுபவம் யாருக்கு இருக்கு" என்றார். முடியாது, ஜோசப் சார் ஏற்றட்டும், அவர் பெயரே இருக்கட்டும், வாடிக்கையாளர் அவரிடமே பேசட்டும் என்றேன். தண்டனை மாதிரி எடுத்துக்கொள்ளாதீர்கள் என்று ஆறுதல் சொன்னார்.

தண்டனை இல்லை. புதுக் கம்பி என்றால் இன்னும் ஆறு வாரம். அது நிற்க வேண்டும் என்று எனக்கு எப்படி ஆசை இருக்கும் என்று எனக்குத் தெரியும். அந்த ஆசையோடு நான் அந்த உலைப் பக்கம் போகக் கூடாது. இதை மூர்த்தி சாரிடம் எப்படிச் சொல்வது.

ஜனவரி 23, வியாழன்

கூப்பிட்டார். நிக்குதுங்களா என்று கேட்கவில்லை.

"கடுதாசி வந்துதுங்க. மில்லுல பேசிட்டேன். பிளேட தனியா எடுத்து வெச்சாச்சு." கோபமாக இருந்திருந்தால் தேவலை. களைத்துப்போயிருந்தார்.

மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன்.

"தப்பு எல்லாத்துக்கும் வர்றதுதானுங்க. நான் எத்தன அச்சு பாழ் பண்ணியிருக்கறன். ஒண்ணு மட்டும் கேக்கறனுங்க. ஆயிரம் மணி நேரம் முடிஞ்சன்னிக்கே தொறந்து பாத்திருந்தா தெரிஞ்சிருக்குமுங்களா?"

"தெரிஞ்சிருக்கும்."

"அப்புறம் ஏனுங் தொறக்கல?"

கூடுதல் தகவல் வேண்டியிருந்தது என்றேன். "ஓ" என்றார். வைத்துவிட்டார்.

கூடுதல் தகவல்!

ஜனவரி 27, திங்கள்

ஜோசப் சார் இரண்டாவது கம்பியை ஏற்றினார். முடிச்சைக் கண்ணாடி போட்டுக்கொண்டு மூன்று தடவை சரிபார்த்தார். ஏழாம் உலையில் என் 'வ'வை ஈரத்துணியால் துடைத்துவிட்டு 'ஜோ' என்று எழுதினார். துடைக்கும்போது என்னைப் பார்க்காமல் இருந்தார், அது அவருடைய மரியாதை.

ஜனவரி 30, வியாழன்

பக்கத்து அறையில் போன் அடித்தது. "நிக்குது சார், நிக்குது" என்று ஜோசப் சார் சொல்வது கேட்டது. அப்புறம் ஏதோ சொல்லிச் சிரித்தார். நான் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினேன். உலைகள் இருக்கிற அறைக் கதவு எப்போதுமே சாத்தியிருக்க வேண்டும்.

பிப்ரவரி 2, ஞாயிறு

லேபுக்குப் போகவில்லை. போகாமல் என்ன செய்தேன் என்று எழுத எதுவும் இல்லை. சாயங்காலம் பால் பாக்கெட் வாங்கப் போனபோது, காலையிலிருந்து யாரோடும் ஒரு வார்த்தை பேசவில்லை என்பது ஞாபகம் வந்தது. கடைக்காரரிடம் அரை லிட்டர் என்று சொல்லும்போது குரல் கரகரத்தது.

தனிமையாக இருக்கிறது. இந்த வார்த்தையை இதற்கு முன் எழுதியதில்லை.

பிப்ரவரி 13, வியாழன்

பக்கத்து அறையில் போன் அடித்தது.

பிப்ரவரி 22, சனி

காலை பதினொன்றரைக்கு மணல் பெட்டியில் தடாலென்று சத்தம். சட்டங்களெல்லாம் அதிர்ந்தன. ஏழாம் உலை. ஆயிரம் மணி நேரத்தில் அறுநூற்றைத்தான் தாண்டியிருந்தது.

ஜோசப் சார் ஓடிவந்தார். "நல்லவேளை மேடம்" என்றார். சான்றிதழை வாபஸ் வாங்கியிருக்காவிட்டால் பதினாறு பிளேடு அந்த மில்லில் சுற்றிக்கொண்டிருந்திருக்கும், பக்கத்தில் நாச்சிமுத்து நின்றிருப்பார். ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

பிப்ரவரி 25, செவ்வாய்

விழுந்த கம்பியை வெட்டி மெருகேற்றி மைக்ராஸ்கோப்பில் பார்த்தோம். கட்டிகள் சதுரமாகவே இல்லை. பெருத்து, மூலை மழுங்கி, ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளிக் கிடந்தன. சந்துகளெல்லாம் அகலம், மடிப்புகள் தாராளமாக ஓடியிருக்கின்றன. வார்ப்பில் குறை இல்லை. வார்த்தபின் உயர்ந்த சூட்டில் ஊறவைத்து வெளியே எடுக்கிறார்களே, அப்போது மிக மெதுவாக ஆறவிட்டிருக்கிறார்கள். அந்த நேரத்தில் கட்டிகள் தின்று கொழுத்துவிட்டன. வேகமாக ஆற்றினால் பொடியாக, நெருக்கமாக நிற்கும்.

இதை ஜோசப் சாரின் அறிக்கையில் ஒரு பத்தியாகச் சேர்த்தேன். அவர் போனில் படித்துக் காட்டினாராம். காற்று ஊதி ஆற்றிப் புதுக் கம்பி ஊற்றுகிறேன் என்றாராம் நாச்சிமுத்து. மில்காரர்களும் ஜூன் வரை பொறுத்துக்கொள்கிறார்களாம். புதுக் கம்பியை எங்கே அனுப்புவார் என்று ஜோசப் சார் கேட்கவில்லை. பெங்களூரிலும் லேப் இருக்கிறது. நானாக இருந்தால் அங்கேதான் அனுப்புவேன்.

பிப்ரவரி 26, புதன்

இன்று மதியம் என் செல்போனிலிருந்து அவரைக் கூப்பிட்டேன். இத்தனை மாதத்தில் நானாகக் கூப்பிடுவது முதல் தடவை. உலையில் கம்பி இல்லை, அறிக்கை போய்ச் சேர்ந்துவிட்டது, கேட்கவோ சொல்லவோ லேப் விஷயம் ஒன்றும் பாக்கி இல்லை. சாப்பாட்டு நேரத்தில் மாடிப்படியில் நின்றுகொண்டு கூப்பிட்டேன். எடுத்ததும் ஒரே இரைச்சல். உருக்கு நடக்கிற நாள்.

"மேடம்! சொல்லுங்க மேடம், என்ன விசயமுங்க? ரிப்போர்ட்டுல ஏதாச்சும் மாத்தோணுமா?"

"ரிப்போர்ட் இல்லைங்க. அன்னிக்கு ஏன் திறக்கலைன்னு கேட்டீங்கல்ல. நான் பொய் சொல்லிட்டேன்."

இரைச்சல் மட்டும் கேட்டது.

"திறந்தா டெஸ்ட் முடிஞ்சுடும். முடிஞ்சா நீங்க கூப்பிட மாட்டீங்க. அதனாலதான் திறக்கலை. வேற காரணம் எதுவும் இல்லை."

சொல்லி முடித்தபோது முகமெல்லாம் சுட்டது. கீழே கேன்டீனில் யாரோ தட்டைப் போட்டு உடைத்தார்கள். போனை வைத்துவிடலாமா என்று நினைத்தேன்.

"இருங்க மேடம்" என்றார் அவர். "இந்த எரைச்சல்ல ஒண்ணும் சரியாக் கேக்கலீங்க. வெளிய வந்தர்றேன். வெச்சுறாதீங்க."

வைக்கவில்லை. செருப்புச் சத்தம் கேட்டது. யாரோ "மொதலாளி, கொதி வந்துருச்சுங்க" என்று கத்தினார்கள். "நீங்களே ஊத்துங்கப்பா" என்றார். இரும்புக் கதவு ஒன்று கிரீச்சிட்டுச் சாத்திக்கொண்டது. இரைச்சல் அடங்கிவிட்டது. அங்கே எங்கோ ஒரு காக்கை கத்துவதுகூடக் கேட்டது.

"இப்பச் சொல்லுங்க" என்றார்.

முதலிலிருந்து மறுபடியும் சொன்னேன்.